கொதிக்காத வண்டி

போன வாரம் மதுரையில் காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது, முன்னால் நின்ற வேனின் அடியிலிருந்து பச்சையாக ஏதோ சொட்டியது. ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரோ மிட்டாய் திங்கிறாங்கம்மா" என்றாள். மிட்டாய் இல்லை, கூலன்ட். என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றுவது. சூடாகிக் கசிந்தால் இருமல் மருந்தும் ஆரஞ்சு மிட்டாயும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனை வரும். வேன்காரரிடம் சொல்லலாம் என்று வண்டியை நகர்த்துவதற்குள் பச்சை விளக்கு விழுந்து அவர் போய்விட்டார். வாசனை மட்டும் ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வீடு வரை கூடவே வந்தது.

மல்லிகைப்பூ, மழையில் நனைந்த மண் என்று எல்லோரும் தங்கள் வாசனைகளைப் பற்றி அழகாகச் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தது கூலன்ட். என்ன செய்வது.

அந்த வாசனை என்னை நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம் சிம்மக்கல். அங்கே ஒரு சந்துக்குள் இருந்த கார் உதிரிபாகக் கடையில்தான் எனக்கு முதல் வேலை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்திருந்தேன். வகுப்பிலேயே ஒரே பெண் நான்தான் என்பதால், பேரையூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா என்னைக் காட்டி, "எங்க புள்ள இன்ஜின அக்கக்காக் கழட்டி மாட்டும்" என்பார். நான் அதுவரை மாட்டியிருந்தது என் சைக்கிள் செயினை மட்டும்தான். கழற்றியதுகூட நானில்லை, அது தானாகக் கழன்றது.

கடையிலும் என்னை ஸ்பேனரைத் தொடவிடவில்லை. வெளிநாட்டு வண்டிகளுக்கு இங்கே கிடைக்காத சாமான்களை கம்ப்யூட்டரில் தேடி வரவழைப்பது என் வேலை. பக்கத்தில் வாழைப்பழ மண்டி. புது ரப்பர் வாசனையும் பழுத்த பழத்தின் வாசனையும் ஒன்றாக வந்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது போலிருக்கும். சாமான்களை வண்டியில் பொருத்திக் கொடுப்பவர் முதலாளியின் அக்கா மகன் பஷீர் அண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். பேச்சு நின்றால் ஸ்பேனரும் நின்றுவிடும். ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டபோது அவர் வேலைக்கே வரவில்லை. முதலாளி அதை வெகு இயல்பாக எடுத்துக்கொண்டார்.

ஒரு பங்குனி மாத மத்தியானம் அந்தச் சந்துக்குள் சிவப்பாக ஒரு கார் நுழைந்தது. தரையோடு ஒட்டிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன்விளக்குகள் மூடிக் கிடந்து, வேண்டும்போது மேலெழும்பும் வகை. ஒன்று எழும்பியிருந்தது, இன்னொன்று எழும்பவில்லை. கடைவீதியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. பானட்டின் விளிம்பெல்லாம் ஆவி. கதவு திறந்ததும் முதலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு கால் வெளியே வந்தது. அதன் பின்னால் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அறுபதை ஒட்டிய ஒரு அம்மா, கதவைப் பிடித்து மெல்ல எழுந்து நின்று, "இட்லி வெந்துருச்சுப்பா. எறக்கிருங்க" என்றார்.

சந்தே கூடிவிட்டது. தண்ணி ஊத்துங்க என்றார் மண்டிக்காரர். ஊத்தாதீங்க, மூஞ்சியில அடிக்கும் என்றார் டீக்கடைக்காரர். பஷீர் அண்ணன் அனைவரையும் விலக்கிவிட்டுச் சூடு தணியக் காத்திருந்தார். வந்தவர் வசந்தா டீச்சர். திருமங்கலத்தில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சாவிக்கொத்தில் விசில் தொங்கியது. நான் கம்ப்யூட்டர் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, "நீ எந்த ஊரும்மா" என்றார். சொன்னேன். "பேரையூரா. உங்க ஊருப் புள்ளைக கபடியில நம்ம ஸ்கூலக் கொன்னு எடுத்துருவாளுக" என்றார். எனக்குக் கபடி ஆடத் தெரியாது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

சூடு இறங்கியபின் பஷீர் அண்ணன் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார். "டீச்சர், இத இருக்குற மாதிரியே தேத்தி விடவா, இல்ல நல்லதா மாத்தி விடவா?"

"தேத்துற வேலையே வேணாம். இந்த வண்டி கொதிக்கக் கூடாது. நடுரோட்டுல நிக்கக் கூடாது. அதுக்கு எம்புட்டு மாத்தணுமோ அம்புட்டும் மாத்து."

சொன்னவிதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பஷீர் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் நான் தேட ஆரம்பித்தேன். அந்தக் காரைச் செய்த கம்பெனி அதற்கான சாமான்களை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இதே காரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக வேறு ஆட்கள் செய்து விற்கும் சாமான்கள் கிடைத்தன. பழையதைப்போல இரண்டு மடங்கு தடிமனான அலுமினிய ரேடியேட்டர், அதன் பின்னால் பொருத்த இரண்டு மின்விசிறிகள், சூட்டுக்கு இளகாத நீலநிற சிலிக்கோன் ஹோஸ் குழாய்கள், கொஞ்சம் முன்கூட்டியே திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்தது. பெட்டிகளைப் பிரிக்கும்போது எனக்கு ஏதோ என் கல்யாணச் சீர் வந்த மாதிரி இருந்தது. ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு அதன் இதழ்களை விரல்நுனியால் வருடிப் பார்த்தேன். அப்பா கண்டிருந்தால் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதைத் துரிதப்படுத்தியிருப்பார்.

கடை ஷெட்டில் இடமில்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் திருமங்கலத்தில் டீச்சர் வீட்டிலேயே வேலை. பஷீர் அண்ணன் டூல் பெட்டியோடு வருவார். நான் மகளிர் விடுதியிலிருந்து என் ஸ்கூட்டியில் போவேன். சாமான் தேடியவள் என்ற முறையில் எனக்கும் ஒரு உரிமை இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். டீச்சர் ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார்.

பழைய ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே குழாய்களெல்லாம் வெள்ளையாகக் காறை பிடித்து அடைத்துக் கிடந்தன. முன்பு வைத்திருந்தவர் கூலன்ட் வாங்க அலுத்துப்போய் போர் தண்ணியையே ஊற்றியிருக்கிறார். நம் பக்கத்து உப்புத்தண்ணி என்ன செய்யும் என்று வெந்நீர்ப் பானை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இம்புட்டு வண்டி இருக்க, இந்தக் கார ஏன் டீச்சர் வாங்குனீங்க?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் நூறு மீட்டர் ஓடுனவ. முட்டி ரெண்டும் போச்சு. காலு ஓடாட்டி என்ன, காராச்சும் ஓடட்டும்னு வாங்குனேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எம் மகனுக்குத்தான் இது ஆகல" என்றார்.

மகன் செந்தில் பெங்களூரில் வேலை பார்த்தான். அம்மா கார் வாங்கிய நாளிலிருந்து விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். வழியில் சூடாகி நிற்கிறது என்று தெரிந்தபிறகு தினமும் போன் செய்தான். அதற்குக் காரணம் இருந்தது. டீச்சர் அதைக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவுங்கப்பாவும் அவனும் கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனாக. எங்ககிட்ட அப்ப ஒரு பழைய அம்பாசிடர் இருந்துச்சு. வழியில கொதிச்சுப் போச்சு. அவரு ரோட்டோரமா நிப்பாட்டிட்டு பானட்டத் தூக்கிப் பாத்துக்கிட்டு நின்னாரு. இவன்ட்ட பாட்டிலக் குடுத்து, காட்டுக்குள்ள மோட்டார் ஓடுது, தண்ணி புடிச்சுட்டு வான்னு அனுப்பிச்சாரு. பின்னாடி வந்த லாரிக்காரன் கண்ணசந்துட்டான். இவன் தண்ணியோட திரும்பி வாரான், அங்க அவரு இல்ல."

பஷீர் அண்ணன் கையில் ரேடியேட்டரோடு அப்படியே நின்றார். "இன்னாலில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை, வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அதான் சொன்னேன். நிக்காத வண்டியா வேணும்" என்றார் டீச்சர். "கார விட்டுறலாம். விட்டா அவன் பயம் போயிருமா? வேற எதுலயாச்சும் போய் ஒட்டிக்கிரும்."

அதற்குப்பிறகு நாங்கள் செய்த வேலையில் ஒரு பக்தி வந்துவிட்டது. ஆனால் பக்தியை ரேடியேட்டர் அறியுமா. எல்லாவற்றையும் பொருத்தி, காற்றுக்குமிழி உள்ளே தங்கக்கூடாது என்று காரின் மூக்கை மேட்டில் ஏற்றி வைத்து, குளுக் குளுக்கென்று கடைசிக் குமிழி வரும்வரை கூலன்ட் ஊற்றி, சித்திரை வெயிலில் சோதனைக்குக் கிளம்பினோம். காரில் டீச்சரும் பஷீர் அண்ணனும். பின்னால் ஸ்கூட்டியில் நான். திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், அதில் நின்றே வயதானவர்கள் உண்டு. நின்ற இடத்தில் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. நான் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தபோது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும் போலிருந்தது.

முட்டி மரத்துப்போகிறது என்று டீச்சர் இறங்கி காருக்கு முன்னால் போய் நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து தன் சேலையைப் பார்த்தார். கொசுவம் அனல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"பஷீரு, என் முட்டிக்கு ஒத்தடம் குடுக்கவா இந்த ஃபேன மாட்டுன?"

பஷீர் அண்ணன் இறங்கி ஓடிவந்து கையை நீட்டிப் பார்த்தார். ரேடியேட்டர் வழியாகக் காற்றை உள்ளே இழுக்க வேண்டிய விசிறிகள், சூட்டையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. ரேடியேட்டருக்கு முன்பக்கம் மாட்டுகிறவர்களுக்காகத் திருப்பி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் பின்பக்கம் மாட்டியிருந்தோம். கூட வந்த தாளில் அது சொல்லப்பட்டிருக்கலாம். சீன எழுத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மதுரையில் சாமான் தேடித் தரும் இன்ஜினியருக்கும் தெரியவில்லை.

ஒயர்களை மாற்றி, இறக்கைகளையும் திருப்பிப் போட்டபின் கேட்டில் நின்றால் முள் அசையவில்லை. ஆனால் வேகமாகப் போனால் மெதுவாக ஏறியது. அது ஏன் என்று யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடியது. புது ரேடியேட்டருக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் பக்கவாட்டில் இடைவெளி இருப்பதைக் கடைசியில் பஷீர் அண்ணன்தான் காட்டினார். எதிரே வரும் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் அந்தச் சந்து வழியாக நழுவிப் போய்விடுகிறது.

"கிரவுண்டச் சுத்தி ஓடச் சொன்னா குறுக்க ஓடுற புள்ளைக மாதிரி" என்றார் டீச்சர்.

"அதேதான் டீச்சர். இப்ப நீங்க ஓரத்துல கம்போட நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் ரப்பர் ஷீட்டை வெட்டி இடைவெளிகளை எல்லாம் அடைத்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அன்று அவர் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்தார்.

செந்தில் வந்தது அதற்கடுத்த வாரம். உயரமாக, ஒல்லியாக, அம்மாவின் சாயலில் இருந்தான். ஷெட்டில் எங்களைப் பார்த்து மரியாதையாகத்தான் வணக்கம் சொன்னான். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இத வித்துட்டுத்தாம்மா நான் ஊருக்குப் போறதா இருக்கேன்" என்றான்.

"பேரையூர் வரைக்கும் போயிட்டு வருவோம்டா. உச்சி வெயில்ல. முள்ளு கோட்டத் தாண்டுச்சுன்னா நானே வித்துர்றேன்."

"நான் அதுல ஏற மாட்டேன்."

"சரி, நான் மட்டும் போயிட்டு வாரேன்."

டீச்சர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். செந்தில் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார் பின்னால் நகரத் தொடங்கியதும் விறுவிறுவென்று போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அம்மாவைத் தனியாக அனுப்பும் பயம் மற்றதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

பேரையூருக்குக் கல்லுப்பட்டி வழியாகத்தான் போக வேண்டும். டீச்சர் அந்தச் சாலையை யோசித்துத்தான் சொன்னாரா, என்னிடம் பேசிய பழக்கத்தில் வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நாங்கள் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தோம். நான் ஓட்ட, பஷீர் அண்ணன் பின்னால் கூலன்ட் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, கொஞ்சம் முறுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முறுக்கத்தான் செய்தேன். ஸ்கூட்டிக்கும் ஒரு மனசு இருக்கிறதல்லவா. சிவப்புக் கார் சின்னதாகிப் புள்ளியாகி மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. தூரத்தில் சாலை தண்ணீர் மாதிரி மினுங்கியது.

கல்லுப்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது கார் தெரிந்தது. சாலையைவிட்டு நன்றாக உள்ளே, ஒரு காட்டுப் பாதையில் நின்றுகொண்டிருந்தது. பானட் திறந்திருந்தது.

பஷீர் அண்ணன் "யா அல்லா" என்றார். எத்தனை நாள் வேலை, எத்தனை நாட்டுச் சாமான், எல்லாவற்றையும்விட, அவன் கண் முன்னாலேயே இன்னொரு தடவை. வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு அவர் ஓட, நானும் பின்னால் ஓடினேன்.

ஆவி இல்லை. செந்தில் திறந்த பானட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றிருந்தான். டீச்சர் சற்றுத் தள்ளி, சாலையைப் பார்த்தபடி, பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு டீச்சர்?"

"ஒண்ணும் ஆகல. நிப்பாட்டச் சொன்னான். நிப்பாட்டுனேன்."

செந்தில் நிமிராமலே பேசினான். "கொதிக்கலண்ணே."

"இல்ல தம்பி. கொதிக்காது" என்றார் பஷீர் அண்ணன்.

"இங்கனதான்... அந்த வேப்பமரத்துக்குக் கொஞ்சம் அங்கிட்டு. அன்னைக்கும் இதே வெயிலு." என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிகள் சுழல ஆரம்பித்து, பிறகு தாமாக நின்றன. "கொதிக்கவே இல்ல" என்றான் மறுபடியும், யாரிடமென்று இல்லாமல்.

பஷீர் அண்ணன் கேனைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய், அவனைப் போலவே கையை ஊன்றி நின்று, உள்ளே பார்த்தார். இரண்டு ஆண்கள் ஒன்றும் ஆகாத ஒரு என்ஜினை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் அதற்குப்பிறகு கண்டதில்லை. டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

பிறகு செந்தில் பானட்டை மெதுவாக இறக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினான். அம்மாவும் மகனும் ஏறிக்கொண்டார்கள். பேரையூர் போய், எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் என் கைவேலை என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. பஷீர் அண்ணனும் பெரிய மனசோடு மறுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் காருக்குள் நடந்ததை டீச்சர் பின்னொரு நாள் சொன்னார். கல்லுப்பட்டி தாண்டியதும் செந்தில், "இம்புட்டுத்தான் போகுமாம்மா இது?" என்று கேட்டிருக்கிறான். "நான் நாப்பதுல போய்க்கிட்டு இருந்தேன், இவன் பயப்படுவானேன்னு" என்று சொல்லிச் சிரித்தார். மிதித்திருக்கிறார். அவன் முன்னால் இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்தானாம்.

கார் விற்கப்படவில்லை. மாறாக, பெங்களூரிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. "அக்கா, ஆயில் கூலர்னு ஒண்ணு இருக்காம்ல, அது நம்ம வண்டிக்குச் செட்டாகுமா?" தீபாவளிக்கு வந்தால் புதுச்சட்டை போடுவதற்கு முன்னால் கூலன்ட் அளவைப் பார்ப்பான் என்று டீச்சர் அலுத்துக்கொள்வார். அவர் அந்தக் காரில் போகாத ஊரில்லை. அவரிடம் படித்து, கல்யாணமாகிப் போயிருந்த பெண்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பார்த்தார். போகிற தெருவில் எல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடும். அவர் சன்னல் வழியாக, "கைய வீசி ஓடு, கைய வீசி" என்று சத்தம் போடுவார்.

இப்போது அந்தக் கடை இல்லை. முதலாளி காலமானபின் மூடிவிட்டார்கள். சந்தும் மண்டியும் மாறிப்போயின. பஷீர் அண்ணன் கத்தாரில் பெரிய பெரிய வண்டிகளுக்கு ஏசி வேலை பார்க்கிறார். பெருநாளைக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது அவர் பேச்சு முடிவதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். என்ஜின் குளிர்விப்பு அமைப்பு என்று ஒரு அத்தியாயம் உண்டு. அதற்கு மட்டும் எனக்கு இரண்டு வகுப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. மின்சார வண்டி வந்துருச்சே மேடம், இதெல்லாம் இனிமே எதுக்கு என்று பையன்கள் கேட்கிறார்கள். அதற்கும் குளிர்விக்க வேண்டும்டா என்று சொல்கிறேன். நம்புகிற மாதிரி தெரியவில்லை.

டீச்சருக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் நடந்தது. நடை திரும்பிவிட்டது. அந்தக் காரின் கிளட்சை மிதிக்கும் பலம் திரும்பவில்லை. கொஞ்சநாள் ஷெட்டில் வைத்து தினமும் கிளப்பி மட்டும் பார்த்தார். அப்புறம் அவரே கோயம்புத்தூரில் ஆள் பார்த்துப் பேசி முடித்தார். கொடுக்கிற அன்று என்னை வரச் சொல்லியிருந்தார். செந்திலும் வந்திருந்தான். வாங்க வந்தவருக்குக் காரை அவன்தான் காட்டினான். பானட்டைத் திறந்து ஒவ்வொரு சாமானையும் தொட்டுத்தொட்டுச் சொன்னான். எந்தத் தண்ணியையும் ஊத்திராதீங்க சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

முதல் சாவியிலேயே கிளம்பியது. வாங்கியவர் வாசலைவிட்டு இறக்கி, கை காட்டிவிட்டு நகர்ந்தார். செந்தில் தெருவில் போய் நின்றுகொண்டான்.

"இன்னுங் கொஞ்ச நாள் வச்சிருந்திருக்கலாம்மா."

"எதுக்குடா. கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டா போறாக? ஓடிக்கிட்டுத்தான போகுது" என்றார் டீச்சர்.

கார் தெருமுனையில் திரும்பியது. சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் கேட்டது. பெரிய ரோட்டில் ஏறி, பஸ் சத்தத்தோடு கலந்து, எது எதுவென்று பிரிக்கமுடியாமல் போயிற்று. டீச்சர் ஷெட்டின் தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே ஒன்றும் இல்லாததால் அந்தச் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.